டிராக்டர் சிலிண்டரில் ஆயில் கசியுதா? அந்தச் சின்ன சீலுக்குப் பின்னால் 230 ஆண்டு கதை!

கலப்பையைத் தூக்கி நிறுத்தியிருப்பீர்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அது மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருக்கும். லோடர் மாட்டிய டிராக்டர் என்றால், சிலிண்டர் ராடு ஓரத்தில் ஆயில் கசிந்து மண் அப்பிக் கிடக்கும். மெக்கானிக் வந்து பார்த்தால், பெரும்பாலும் சீல் போயிருக்கும், மாத்தணும்.

அவ்வளவு பெரிய வண்டியை வேலை செய்ய விடாமல் நிறுத்துவது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு வளையம். இந்த வளையம் இல்லாவிட்டால் ஹைட்ராலிக்ஸே இல்லை. ஹைட்ராலிக்ஸை முதன்முதலில் வேலைக்குக் கொண்டுவந்தவர், ஏர் பிடிக்க முடியாமல் போன ஒரு விவசாயி மகன். பெயர் ஜோசப் பிராமா. அவருடைய கதையைப் பார்க்கலாம்.

யார் இந்த ஜோசப் பிராமா?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், பார்ன்ஸ்லிக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டெயின்பரோ என்ற ஊரில் 1748-ல் பிறந்தவர். அப்பா விவசாயி. மகனும் அதே நிலத்தில்தான் பாடுபட்டிருப்பார். ஆனால் 16 வயதில் காலில் பலமான அடி. நடை முன்பு போல இல்லை. வயல் வேலை சரிப்பட்டு வராது என்று ஆனதும், உள்ளூர் தச்சரிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள்.

தொழில் கற்ற கையோடு லண்டனுக்குப் போனார். அங்கே மரச்சாமான் செய்தார், பணக்கார வீடுகளில் கழிப்பறை பொருத்தும் வேலையும் செய்தார். அப்போது இருந்த கழிப்பறையில் தண்ணீரை அடைக்கும் வால்வு சரியாக வேலை செய்யாது, குளிர்காலத்தில் உறைந்தும் போகும். பிராமா அந்த வால்வையே மாற்றி அமைத்து, 1778-ல் காப்புரிமை வாங்கினார். கவனிச்சீங்களா? முதல் கண்டுபிடிப்பே தண்ணீரைக் கசியாமல் அடைப்பது பற்றித்தான்.

யாராலும் திறக்க முடியாத பூட்டு

1784-ல் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். லண்டன் பிக்கடிலி தெருவில் இருந்த கடையின் ஜன்னலில் அந்த வகைப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, சாவி இல்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவிப்பும் வைத்தார்கள். அவர் உயிரோடு இருந்தவரை யாரும் அந்தப் பரிசை வாங்கவில்லை. 1851-ல்தான் ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்தார். அவருக்கே 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது.

பூட்டின் பாகங்களை நூல் பிசகாமல் செய்யக் கைதேர்ந்த ஆள் தேவைப்பட்டது. 1789-ல் ஹென்றி மாட்ஸ்லி என்ற 18 வயதுப் பையன் வந்து சேர்ந்தார். 12 வயதிலேயே வுல்விச் ஆயுதக் கிடங்கில் வேலைக்குப் போனவர். இவ்வளவு சின்ன வயதா என்று பிராமா முதலில் தயங்கினார். ஆனால் பையனின் கைவேலையைப் பார்த்ததும் தயக்கம் போய்விட்டது. சில ஆண்டுகளிலேயே பட்டறையின் தலைமைப் பொறுப்பு மாட்ஸ்லியிடம் வந்தது.

ஹைட்ராலிக் பிரஸ்: கணக்கு ரொம்ப சிம்பிள்

1795-ல் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். இதன் அடிப்படை விதியைப் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் 17-ம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். அடைத்து வைத்த திரவத்தை ஓர் இடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும்.

இதை இப்படிப் பார்க்கலாம். 1 சதுர செ.மீ. பரப்புள்ள சின்ன பிஸ்டனை 10 கிலோ எடைக்கு அழுத்துகிறோம். அதோடு குழாயால் இணைந்த பெரிய பிஸ்டனின் பரப்பு 100 சதுர செ.மீ. என்றால், அது 1,000 கிலோவைத் தூக்கும். ஆனால் இது இலவசமாகக் கிடைப்பதில்லை. பெரிய பிஸ்டன் 1 செ.மீ. ஏற, சின்ன பிஸ்டன் 100 செ.மீ. தூரம் தள்ள வேண்டும். பம்ப் அடிச்சுக்கிட்டே இருக்கணும்.

அப்படிக் கஷ்டப்பட்டு உள்ளே தள்ளிய தண்ணீர், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாக வெளியே போய்விட்டால்? அதுதான் நடந்தது.

இறுக்கினால் நகராது, தளர்த்தினால் நிற்காது

அந்தக் காலத்தில் இடுக்கை அடைக்க, பேக்கிங்கைத் திணித்து வெளியிலிருந்து இறுக்குவார்கள். நீராவி எஞ்சினுக்கு அது போதும். பிரஸ்ஸில் அழுத்தம் பல மடங்கு அதிகம். அதைத் தாங்கும் அளவுக்கு இறுக்கினால், பிஸ்டன் கவ்விப் பிடித்துக்கொண்டு திரும்பக் கீழே இறங்க மறுத்தது. தளர்த்தினால் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. காப்புரிமை கையில் இருக்கிறது, மெஷின் வேலைக்கு ஆகவில்லை.

இதற்குத் தீர்வு சொன்னவர் மாட்ஸ்லி என்று அவரிடம் பின்னாளில் உதவியாளராக இருந்த ஜேம்ஸ் நாஸ்மித் பதிவு செய்திருக்கிறார். தீர்வு, கிண்ணம் போல விளிம்பு மடித்த ஒரு தோல் வளையம். அதன் திறந்த பக்கம் தண்ணீரைப் பார்த்திருக்கும். அழுத்தம் ஏறினால், தண்ணீரே உள்ளே புகுந்து விளிம்பை விரித்து, உலோகத்தோடு ஒட்ட வைக்கும். அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு இறுக்கம். அழுத்தத்தை விட்டதும் விளிம்பு தளர்ந்து பிஸ்டனை இறங்க விடும்.

புரியலையா? பழைய சைக்கிள் பம்பைக் கழற்றிப் பாருங்க. உள்ளே கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர் இருக்கும். வேலை செய்யும் விதம் அதேதான். கசிய வைக்கும் அழுத்தத்தையே கசிவை அடைக்க வைத்ததுதான் இதில் இருக்கும் புத்தி.

ஐடியா கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது?

மாட்ஸ்லியின் சம்பளம் வாரத்துக்கு 30 ஷில்லிங். கல்யாணமாகி, குடும்பமும் பெருகிவிட்டது. 1797-ல் சம்பளத்தைக் கூட்டித் தரும்படி கேட்டார். பிராமா மறுத்துவிட்டார். மாட்ஸ்லி வெளியேறி, லண்டனிலேயே சொந்தப் பட்டறை போட்டார். திருகு வெட்டும் துல்லியமான லேத், போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்துக்குக் கப்பி செய்யும் இயந்திரங்கள் என்று, இயந்திரத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவராகப் பேர் வாங்கினார்.

பிரஸ்ஸுக்கு மட்டும் முதலாளி பெயர்தான் நிலைத்தது. ஆங்கிலத்தில் இன்றும் அதற்கு பிராமா பிரஸ் என்ற பெயர் உண்டு. பிராமாவின் திறமையில் குறை சொல்ல எதுவுமில்லை. பீர் பம்ப், மரம் இழைக்கும் மெஷின், ரூபாய் நோட்டில் போடுவது போல பேங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டுகளில் வரிசை எண் அச்சிடும் மெஷின் என்று கடைசி வரை புதிதாகச் செய்துகொண்டே இருந்தார். ஆனால் தன் பட்டறையின் மிகச் சிறந்த ஆளை சில ஷில்லிங்குக்காகக் கைவிட்டார் என்பதும் அந்த வரலாற்றில் சேர்ந்தே இருக்கிறது.

மரம் பிடுங்கப் போன இடத்தில்...

1814-ன் இறுதியில், ஹாம்ப்‌ஷயர் பகுதிக் காடு ஒன்றில் தன் ஹைட்ராலிக் இயந்திரத்தால் மரங்களை வேரோடு பிடுங்கும் வேலையை நேரில் நின்று கவனித்தார். அங்கே பிடித்த குளிர் நிமோனியாவில் முடிந்தது. டிசம்பர் 9-ம் தேதி காலமானார்.

டிராக்டருக்கு எப்படி வந்தது?

அதற்கு இன்னும் 100 ஆண்டுக்கு மேல் ஆனது. அயர்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஹாரி பெர்குசன், மூன்று முனை இணைப்பையும் ஹைட்ராலிக் லிஃப்ட்டையும் சேர்த்த அமைப்பை உருவாக்கினார். 1936-ல் அது டிராக்டரில் விற்பனைக்கு வந்தது. அவர் பெயரைத் தாங்கிய மாஸி பெர்குசன் டிராக்டரைத்தான் சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனம் தயாரித்தது. தண்ணீருக்குப் பதில் ஆயில், தோலுக்குப் பதில் ரப்பரும் பாலியூரித்தேனும் வந்தன. விளிம்பு வைத்த சீல் வேலை செய்யும் விதம் மட்டும் மாறவில்லை.

சீல் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

* முதலில் கலப்பை, லோடர் எல்லாவற்றையும் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, லிவரை அசைத்து அழுத்தத்தை வெளியேற்றணும்.

* கசியும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி போலப் பாயும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போகணும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும்.

* ராடில் கீறல், துரு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புது சீலும் சீக்கிரமே கிழிந்துவிடும்.

* விளிம்புள்ள சீல் என்றால், திறந்த பக்கம் ஆயில் அழுத்தம் வரும் திசையைப் பார்த்திருக்கணும். திருப்பி மாட்டினால் ஆயில் விளிம்பை விரிக்காது, மடக்கிவிட்டு வெளியே வரும். பழைய சீலைப் பிடுங்கும் முன் அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.