தீயை எடை போட்டவர்

அணையாத பீடித் துண்டு ஒன்று. காலையில் காட்டில் விழுந்தால் சில சமயம் தானே அணைந்துவிடும். அதே துண்டு பிற்பகலில் விழுந்தால் காடே எரிந்துவிடலாம். ஏன் இந்த வித்தியாசம்?

இதைக் கண்டுபிடிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் ஹாரி கிஸ்போர்ன். அமெரிக்கர். 1893-ஆம் ஆண்டு வெர்மான்ட் மாகாணத்தில் பிறந்தார். காட்டு இயல் படித்துக் காட்டு இலாகாவில் சேர்ந்தார்.

1922-இல் ஐடஹோ மாகாணத்தில் உள்ள பிரீஸ்ட் ரிவர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் வந்தார். அந்தப் பகுதி மக்கள் 1910-ஆம் ஆண்டை மறக்கவில்லை. அந்த ஆகஸ்டில், இரண்டே நாட்களில், சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. 80 பேருக்கு மேல் மாண்டனர்.

தீ வந்த பிறகு ஓடுவதைவிட, வரும் நாளை முன்கூட்டியே அறிய வேண்டும் என்று கிஸ்போர்ன் நினைத்தார்.

குச்சியும் தராசும்

மழைக் காலத்தில் அப்பளம் நமுத்துப் போகிறது. வெயில் காலத்தில் மொறுமொறுப்பாக இருக்கிறது. காட்டிலுள்ள சருகும் சுள்ளியும் அப்படித்தான். இரவில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகின்றன. பகலில் அதை விட்டுவிடுகின்றன. அதனால்தான் பிற்பகலில் ஆபத்து அதிகம்.

ஈரத்தை எப்படி அளப்பது? சிறு மரக்குச்சிகளை நன்றாக உலர்த்தி எடை பார்த்தார். பிறகு காட்டில் வைத்துத் தினமும் நிறுத்தார். கூடுதல் எடைதான் ஈரம். எடை குறையக் குறைய ஆபத்து கூடியது.

காற்றையும் அளந்தார். ஊதுகுழலால் ஊதினால் அடுப்பு சுடர் விடுவதுபோல, காற்று தீயை வளர்க்கிறது. சுவாலையை முன்னால் சாய்த்து, அடுத்த புதரைக் காய வைக்கிறது. தீப்பொறியைத் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் போடுகிறது.

புகைப்படக்காரர்கள் வெளிச்சத்தைக் கணிக்கும் சிறு கருவியைப் பார்த்து, 1931-இல் தீ அபாயமானி ஒன்றை அமைத்தார். காற்று, ஈரம், சருகின் உலர்ச்சி ஆகிய கணக்குகளை அதில் பொருத்தினால், அன்றைய ஆபத்தின் அளவு தெரியும். எத்தனை பேரைக் காவலுக்கு நிறுத்துவது என்று அதிகாரிகள் அதைப் பார்த்து முடிவு செய்தார்கள்.

கடைசிப் பயணம்

1949 ஆகஸ்ட் 5. மோன்டானா மாகாணத்தில் மேன் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் தீப் பிடித்தது. விமானத்திலிருந்து 15 வீரர்கள் பாராசூட்டில் குதித்தனர். தரையிலிருந்த காவலர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். கடும் வெயில். காய்ந்த புல். பலத்த காற்று. தீ சரிவில் மேல்நோக்கித் துரத்தியது. 13 பேர் மாண்டனர். பலர் இளைஞர்கள்.

அந்தத் தீ எப்படி அவ்வளவு வேகமாக ஓடியது? பனி விழுந்து தடயங்களை மூடுமுன் நேரில் பார்க்க வேண்டும் என்று கிஸ்போர்ன் துடித்தார். அவருக்கு இதயம் பலவீனம். ஆனாலும் அவர் கேட்கவில்லை. நவம்பர் 9-ந் தேதி, அடிக்கடி உட்கார்ந்து இளைப்பாறி, அந்த மலையில் நடந்தார். பார்க்க வேண்டியதைப் பார்த்தார். திரும்பும் வழியில் மாரடைப்பு வந்து இறந்தார். வயது 56.

அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. 1972-இல் அமெரிக்கா முழுவதற்கும் ஒரே தீ அபாயக் கணக்கு முறை வந்தது. பிரீஸ்ட் ரிவர் காட்டில் ஒரு மலை இன்றும் கிஸ்போர்ன் பெயரால் வழங்குகிறது.