நீரிலிருந்து எழுந்த வாத்து

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

விமானம் என்றதும் நம் நினைவுக்கு வருவோர் ரைட் சகோதரர்கள். 1903-ஆம் ஆண்டு அவர்கள் பறந்த கதையைச் சிறு வகுப்பிலேயே படித்துவிட்டோம். ஆனால் நீரின் மேலிருந்து முதன்முதலில் எழுந்து பறந்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அவர் பெயர் ஹென்றி ஃபாபர்.

பிரான்சு நாட்டின் துறைமுக நகரமாகிய மார்சேயில் 1882-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் கப்பல் முதலாளிகளின் குடும்பத்தில் ஃபாபர் பிறந்தார். இயேசு சபைக் குருக்கள் நடத்திய கல்லூரியில் பயின்றார். அறிவியலில் நாட்டம் கொண்டார். அந்நாளில் விமானம் ஓட்டியோர் எல்லாம் திடலைத் தேடி அலைந்தார்கள். தரையில் விழுந்தால் எலும்பு முறியும். கடலோரத்தில் வளர்ந்த ஃபாபருக்கோ நீர்ப்பரப்பே பெரிய திடலாகத் தோன்றியது.

சொல்வது எளிது. நீர் விமானத்தைச் சும்மா விட்டுவிடாது. அடியில் ஒட்டிக்கொண்டு பின்னுக்கு இழுக்கும். ஆகவே படகில் கட்டி இழுத்தும், காற்றாடி விட்டும் அவர் பல ஆண்டுகள் சோதனை செய்தார். 1909-இல் மூன்று எஞ்சின்கள் பொருத்திய விமானம் ஒன்றைச் செய்து நீரில் இறக்கினார். அது எழவே இல்லை. குடும்பத்தின் பணமும் சில ஆண்டு உழைப்பும் கண்முன்னே நீரில் நின்றன. வேறொருவராக இருந்தால் கப்பல் வணிகத்துக்கே திரும்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஃபாபர் அடுத்த விமானத்தைத் தொடங்கினார்.

இந்த விமானத்துக்கு 50 குதிரைசக்தி கொண்ட ஒரே எஞ்சின். அதுவும் விசிறியும் பின்புறம் இருந்தன. சிறு இறக்கைகள் முன்புறம் இருந்தன. கழுத்தை நீட்டிப் பறக்கும் வாத்தைப்போல் இருந்ததால் 'வாத்து' என்ற பெயர் நிலைத்தது. பெரிய இறக்கையின் நீளம் 14 மீட்டர். இறக்கைத் துணியைப் பாய்மரத் துணிபோலக் கழற்றிச் சுருட்டி வைக்கலாம். துணியோடு வாழும் நம் திருப்பூர்க்காரர்களுக்கு இச்செய்தி பிடிக்கும் என்பதால் எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் அருமையானவை மிதவைகள். முன்னால் ஒன்று, இறக்கைகளின் கீழ் இரண்டு, ஆக மூன்று. அடிப்பாகம் நம் பரிசலைப்போல் தட்டை, மேற்பாகம் வளைவு. ஓடும்போது அடிப்பாகம் நீரை அழுத்தி மேலே ஏறும். வளைந்த மேற்பாகம் காற்றில் சிறு இறக்கையாகவும் உதவும்.

மிதவை என்பது எத்தனை தொல்லை என்பதை எங்கள் வீட்டிலேயே கண்டேன். ரேடியோவால் இயக்கும் சிறிய விமானம் ஒன்றுக்கு என் அண்ணன் தெர்மக்கோலில் இரண்டு மிதவைகள் வெட்டி, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால் கட்டினான். குளத்தில் விட்டு வேகம் கூட்டியதும் அது மூக்குக் குப்புற நீரில் குத்தியது. மிதவைகள் குட்டையாக இருந்ததுதான் காரணம். மேலே விசிறி முன்னால் தள்ள, கீழே நீர் பின்னால் இழுத்தால் விமானம் குப்புறத்தானே விழும்! பிறகு விமான நீளத்தில் முக்கால் பங்கு அளவுக்கு மிதவைகளை வெட்டி, அவற்றின் முனை விசிறிக்கும் முன்னே நீளும்படி வைத்தான். அடியில், எடை சமமாக நிற்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னே, ஒரு படியும் வெட்டினான். அந்தப் படியில் காற்று புகுந்து நீரின் பிடியை விடுவிக்கும். இந்தப் படி ஃபாபரின் மிதவைகளில் இல்லை. பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. அதில்லாமலே அவர் எழுந்தார் என்பதுதான் வியப்பு.

அந்த நாள் 1910-ஆம் ஆண்டு மார்ச்சு 28, திங்கட்கிழமை. ஆண்டவர் உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள். மார்த்திக் ஊருக்கு அருகே பெர் என்னும் காயலில், விமானத்தின் மேல்சட்டத்தில் குதிரைமேல் அமர்வதுபோல் ஃபாபர் அமர்ந்தார். அதற்குமுன் அவர் ஒருமுறையேனும் விமானம் ஓட்டியதில்லை! வாத்து நீரைக் கீறிக்கொண்டு ஓடியது, பின் எழுந்தது. சுமார் 457 மீட்டர் பறந்து மீண்டும் நீரிலேயே இறங்கியது. அன்றே மேலும் மூன்று முறை பறந்தார். ஒரு வாரத்துக்குள் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிட்டார். நம் சென்னையில் ஓட்டல் முதலாளி தாஞ்செலிஸ் விமானம் ஓட்டிக் காட்டியதும் அதே 1910-இல்தான்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1911 ஏப்ரலில் மொனாக்கோவில் வேறொருவர் ஓட்டியபோது வாத்து நொறுங்கியது. ஓட்டியவர் பிழைத்தார். இன்னொரு விமானம் செய்ய ஃபாபரிடம் பொருள் இல்லை. அதே ஆண்டு சனவரியில் அமெரிக்காவில் கர்ட்டிஸ் நீரிலிருந்து பறந்து பெரும் புகழ் பெற்றிருந்தார். ஃபாபரோ மனம் கசந்து ஒதுங்கவில்லை. மற்றவர்களுக்கு மிதவை செய்து கொடுத்தார். வுவாசன் சகோதரர்களின் பெயரால் வந்த விமானம் 1911-இல் பாரீசின் சேன் ஆற்றிலிருந்து எழுந்தபோது அதன் அடியில் இருந்தவை ஃபாபரின் மிதவைகளே. தம்முடைய விமானம் போனபின் பிறருடைய விமானங்களின் காலாக இருப்பது எளிதான மனமா?

பின்னாளில் நீர் விமானங்கள் நம் பக்கமும் வந்தன. இரண்டாம் உலகப்போரின்போது சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியிலும், இலங்கையில் கொக்கலையிலும் கேட்டலினா என்னும் பெரிய விமானங்கள் இறங்கி ஏறின. அவற்றுக்கு உடலே படகு. இறக்கை நுனிகளில் மட்டும் சிறு மிதவைகள்.

ஃபாபர் நெடுநாள் வாழ்ந்தார். 1971-இல், தொண்ணூறை நெருங்கும் வயதில்கூட, மார்சே துறைமுகத்தில் தம் பாய்மரப் படகைத் துணையின்றித் தாமே ஓட்டிச் சென்றார். 1984-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள் காலமானபோது அவருக்கு வயது 101. பாரீசுக்கு அருகே லெ பூர்ஜே விமான அருங்காட்சியகத்தில் அவருடைய வாத்து இன்று தண்ணீர் இல்லாத கூடத்தில் நிற்கிறது.