மிதிவண்டியில் உலகை வலம் வந்தவர்

இன்று நாம் ஓட்டும் மிதிவண்டியின் இரு சக்கரங்களும் ஒத்த அளவின. அதில் சங்கிலியும் காற்றடைத்த டயர்களும் உண்டு. இவை பரவாத காலத்தில், முன்சக்கரம் மிகப் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் அமைந்த வண்டியே வழக்கில் இருந்தது. அத்தகைய வண்டியில் உலகை முதன்முதலில் வலம் வந்தவர் தாமஸ் ஸ்டீவன்ஸ்.

இவர் 1854ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். இளமையிலேயே பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்றார். அங்குச் சுரங்கத்தில் உழைத்த நாள்களில், மிதிவண்டியிலேயே அந்நாட்டைக் கடக்க வேண்டும் என்னும் எண்ணம் இவர் உள்ளத்தில் எழுந்தது.

இவருடைய வண்டியின் முன்சக்கரம் 50 அங்குல விட்டம் உடையது. மிதிகட்டைகள் அச்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. கால்கள் ஒரு முறை சுழன்றால் சக்கரமும் ஒரு முறையே சுழலும். வண்டி ஏறத்தாழ 4 மீட்டர் தொலைவு நகரும். விரைவு வேண்டியே சக்கரத்தைப் பெரிதாக அமைத்தனர். ஆயினும், வழியில் கல் தடுக்கினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழ நேரும்.

1884 ஏப்ரல் 22 அன்று ஸ்டீவன்ஸ் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டார். மாற்றுச் சட்டை, காலுறைகள், கூடாரமாகவும் பயன்படும் மழைக்கோட்டு, கைத்துப்பாக்கி ஆகியவையே இவர் கொண்டுசென்ற பொருள்கள். நல்ல சாலை இல்லாத மலைகளிலும் பாலைகளிலும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். ஆகஸ்டு 4 அன்று பாஸ்டனை அடைந்தார்.

அத்துடன் அவர் ஓயவில்லை. 1885 மே மாதம் லிவர்பூலில் தொடங்கி, ஐரோப்பாவையும் துருக்கியையும் கடந்து பாரசீகம் சேர்ந்தார். குளிர்காலத்தைத் தெகரானில் கழித்தபின் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தார். அங்கே அவரைத் தடுத்துத் திருப்பி அனுப்பினர். பல மாத உழைப்பு வீணாயிற்று. எனினும் அவர் பயணத்தைக் கைவிடவில்லை. திரும்பிச் சென்று, கப்பலேறிக் கராச்சியை அடைந்தார்.

லாகூரிலிருந்து கல்கத்தா வரை பெருவழிச் சாலையில் வண்டி ஓட்டினார். வெயில் அவரை வாட்டியது. செப்பமான சாலையோ மகிழ்வித்தது. தில்லி, ஆக்ரா, காசி ஆகிய நகரங்கள் வழியாக அவர் சென்றார். பின்னர்ச் சீனாவில் சில ஊர்களில் கல்லெறிக்கு ஆளானார். இறுதியில் ஜப்பானை அடைந்து, 1886 டிசம்பர் 17 அன்று யோகோகாமாவில் பயணத்தை நிறைவு செய்தார். அவர் வண்டியில் கடந்த தொலைவு ஏறத்தாழ 13,500 மைல்.

ஸ்டீவன்ஸ் 1935இல் இலண்டனில் மறைந்தார். அவருடைய வண்டியை அதனைச் செய்த நிறுவனம் பல்லாண்டுகள் காத்துவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, போர்த் தேவைக்காகத் திரட்டிய பழைய இரும்போடு அதுவும் சேர்ந்துவிட்டது. மலைகளும் பாலைகளும் சிதைக்காத வண்டி இவ்வாறு மறைந்தது. அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் மட்டும் இன்றும் படிக்கப்படுகிறது. துருப்பிடித்த பழைய வண்டியைக் கண்டால், அது கடந்த வழிகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பயிற்சி

1. முன்சக்கரத்தைப் பெரிதாக அமைத்ததன் காரணம் யாது?
2. ஆப்கானிஸ்தானில் தடுக்கப்பட்டபின் ஸ்டீவன்ஸ் என்ன செய்தார்?
3. ஸ்டீவன்ஸ் சென்ற இந்திய நகரங்களுள் நீ அறிந்த ஒன்றைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.
4. உன் வீட்டில் காக்க வேண்டிய பழைய பொருள் எது? ஏன்?