கைமாறும் கதைச் செல்வம்: வை.மு. கோதைநாயகி அம்மையார்

பொருட்செல்வம் கொடுக்கக் கொடுக்கக் குறையும். கதைச் செல்வமோ கைமாறுந்தோறும் வளரும். அதிலும், அடுத்து யாது நிகழுமோ என்று நெஞ்சைத் துடிக்கச் செய்யும் மர்மக் கதையைப் படித்தவர், அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டு வாளா இருத்தல் அரிது. ஒரு வீட்டில் முடிந்த புத்தகம் மறுவீட்டில் தொடங்கும். அத்தகைய கதைகளைத் தமிழ் இல்லங்களில் உலவவிட்ட ஒரு பெண்மணியின் வாழ்வை, நெய்யாறு கடலோடு கலக்கும் இப்பூவாரில் வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் இவ்வாண்டு விழா மலரில் நினைவுகூர்தல் தகும். அவரே வை.மு.கோ. என்று அன்புடன் அழைக்கப்பெற்ற கோதைநாயகி அம்மையார்.

1901-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பிறந்த அம்மையார், குழந்தைப் பருவத்திலேயே அன்னையை இழந்தார். ஐந்தரை வயதில் திருவல்லிக்கேணி வை.மு. பார்த்தசாரதிக்கு மணம் செய்விக்கப்பட்டார். பள்ளி சென்று பயிலும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும், கதை கேட்பதிலும் தாமே புனைந்து சொல்வதிலும் அவருக்கிருந்த வேட்கை இளமையிலேயே வெளிப்பட்டது. நாடகப் பற்றுடைய கணவர், மனைவியின் ஆற்றலை அடக்காது ஊக்குவித்தார்.

'இந்திர மோகனா' என்னும் முதல் நாடகத்தை உள்ளத்தில் அமைத்துக்கொண்ட அம்மையாருக்கு, அதனைத் தாளில் வடிக்கும் எழுத்துப் பயிற்சி இல்லை. அவர் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்னும் தோழி எழுதிக் கொடுத்தார். 1924-இல் அந்நாடகம் நூலாயிற்று. தமிழுலகம் போற்றிய எழுத்தாளரின் முதற்படைப்பு, தோழியின் கைவழியே நம்மை வந்தடைந்தது! அதன்பின் எழுதப் பழகிய அக்கை, பின்னாளில் 115 நாவல்களைப் படைத்தது.

ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகிய ஆடவரே துப்பறியும் கதைத் துறையில் கோலோச்சிய காலம் அது. அக்களத்தில் 'வைதேகி' என்னும் நாவலுடன் அம்மையார் துணிந்து புகுந்தார். 1925-இல், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' இதழை ஏற்று, அதில் தம் கதைகளைத் தொடராக வெளியிட்டார். முடிச்சு அவிழும் தறுவாயில் தொடரும் என்று நிறுத்தினால், அடுத்த இதழ் வரும்வரை வாசகர்க்கு அமைதி ஏது? ஓர் இதழ் பல கைகளுக்கு மாறுவதும், எழுத்தறியாதார் சூழ்ந்திருக்க ஒருவர் உரக்கப் படிப்பதும் அக்கால இல்லங்களின் வழக்கம்.

காந்தியடிகளைக் கண்டபின் அம்மையார் பட்டும் நகையும் துறந்து கதராடை பூண்டார். விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார், அங்கும் எழுதினார். இன்னிசை வல்லவராகவும் மேடைச் சொற்பொழிவாளராகவும் விளங்கினார். 1956-இல் ஒரே மகனைப் பறிகொடுத்த துயரம் அவர் உடலையும் உருக்கிற்று. 1960 பிப்ரவரி 20-ஆம் நாள் அவர் மறைந்தார். எனினும் கதை நிற்கவில்லை. அவருடைய 'தயாநிதி' நாவலைத் தழுவிய 'சித்தி' திரைப்படம் 1966-இல் வெளிவந்து மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தது.

மர்மக் கதை வீண்பொழுது என இகழ்வோர் உளர். தேவகிநந்தன் கத்ரியின் 'சந்திரகாந்தா'வைப் படிப்பதற்கென்றே பலர் இந்தி எழுத்தைக் கற்றனர் என்பதை அன்னோர் எண்ணிப் பார்ப்பாராக. நம் அண்டை மலையாளத்திலும், 1891-இல் சி.வி. ராமன் பிள்ளை வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா', மறைவும் மாறுவேடமும் நிறைந்து வாசகரை ஈர்த்தது. அம்மன்னர் பகைவர்க்கு ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் பலாமரம் நெய்யாற்றின்கரையில் இருந்ததை நம்மவர் அறிவர். 1945-இல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களை ஒன்றிணைத்துத் தொடங்கிய இயக்கம், கேரளத்துச் சிற்றூர்களிலும் நூலகங்களைத் தழைக்கச் செய்தது.

1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வரையப்பட்டபோது, களியக்காவிளை தமிழ்நாட்டிலும் பாறசாலை கேரளத்திலும் அமைந்தன. எல்லைக்கு இப்பால் வளரும் நம் மக்கள் தமிழைப் பேசுகின்றனர், படிக்கத் தயங்குகின்றனர். மலையாளம் கற்பது நன்றே. ஆயின் தாய்மொழி எழுத்து வீட்டைவிட்டு நீங்குமாயின், அதை மீட்டுத் தருவார் யார்?

அம்மையாரின் வாழ்வே இதற்கு வழிகாட்டுகிறது. கதைமேல் எழுந்த காதலே அவரை எழுத்துக்கு இட்டுச் சென்றது. அவர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தமையால், அவர் நூல்களை எவரும் அச்சிடலாம். சங்கத்தின் சார்பில் ஒரு நாவலேனும் பெற்று, வீட்டுக்குப் பதினைந்து நாள் என முறை வகுத்து வழங்குவோம். தாய்மார் மாலையில் உரக்கப் படித்து, மர்மம் முற்றும் இடத்தில் புத்தகத்தை மூடிவைப்பாராக. மிகுதியை அறியும் ஆவலில் குழந்தை தானே ஏட்டைத் திறக்கும். எழுத்துக் கூட்டியேனும் அது படித்து முடிக்கும் நாளே அம்மையாருக்கு நாம் எடுக்கும் விழாவாகும்.