மாணவப் பருவத்திலேயே குருதியைக் கற்ற போல் ஏர்லிக்

குருதிப் பரிசோதனை செய்துகொண்ட எவரும் அதன் அறிக்கையில் நியூட்ரோபில், இயோசினோபில், பேசோபில் என்னும் பெயர்களைக் கண்டிருப்பர். இழுப்பினால் அவதியுறுவோர் பலர், இயோசினோபில் கூடிவிட்டதென வைத்தியர் சொல்லக் கேட்டுமிருப்பர். வெண்குருதிக் கலங்களுக்கு வழங்கும் இப்பெயர்கள் யாவும் துணிச் சாயங்களோடு தொடர்புடையவை என்பதும், அவற்றை வகுத்தவர் மாணவப் பருவத்திலேயே அச்சாயங்களில் மனதைப் பறிகொடுத்த ஒருவர் என்பதும் பலர் அறியாதவை. அவர் ஜேர்மனிய விஞ்ஞானி போல் ஏர்லிக்.

1908 இல் நோபல் பரிசு பெற்றவர் என்றும் சிபிலிஸ் நோய்க்கு மருந்து கண்டவர் என்றுமே உலகம் அவரைப் பெரிதும் நினைவில் வைத்திருக்கின்றது. எனினும், மருத்துவ மாணவர்களைக் கோடை விடுமுறையில் சில வாரங்கள் குருதிப் புற்றுநோய் ஆய்வுகூடங்களில் பணியாற்ற வைக்கும் திட்டங்கள் மேலைநாடுகளில் நடைமுறையில் இருந்துவரும் இந்நாளில், அவரது வாழ்வின் முற்பகுதியையே நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

இன்று போலந்தில் உள்ளதும் அன்று பிரஷ்ய ஆட்சியில் இருந்ததுமான ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில், 1854 மார்ச் 14 ஆம் திகதி ஒரு யூதக் குடும்பத்தில் ஏர்லிக் பிறந்தார். தாயின் வழி உறவினரான கார்ல் வைகேர்ட் அவரை விட ஒன்பது வயது மூத்தவர், நோயியல் அறிஞர், நுணுக்குக்காட்டியின் கீழ் இழையங்களைச் சாயமேற்றிப் பார்ப்பதில் முன்னோடி. நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயங்கள் பெறப்பட்டு ஜேர்மனியில் பெருந்தொழிலாக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. துணிக்கென வந்த சாயம் உயிர்க் கலத்தையும் நிறமூட்டும் என்பதை ஏர்லிக் வைகேர்ட்டிடமே கண்டறிந்தார்.

பிரெஸ்லவ், ஸ்ட்ராஸ்பேர்க், பிரைபேர்க், லைப்சிக் எனப் பல்கலைக்கழகங்கள் மாறி மாறி அவர் மருத்துவம் பயின்றார். விரிவுரைகளில் அவருக்கு நாட்டம் குறைவு. ஈய நச்சூட்டம் பற்றிய நூலொன்றைப் படித்தபோது, உடலினுள் சென்ற ஈயம் எல்லா உறுப்புகளிலும் ஒரே அளவில் படிவதில்லை என்ற செய்தி அவரைப் பற்றிக்கொண்டது. ஒரு பொருள் ஏன் ஓர் உறுப்பை நாடி இன்னொன்றை விட்டு விலகுகின்றது? ஈயம் கண்ணுக்குத் தெரியாது, சாயம் தெரியும். எனவே அக்கேள்வியோடு அவர் சாயங்களிடம் வந்து சேர்ந்தார். பின்னாளில் அவர் செய்த அனைத்தும் இந்த ஒரு கேள்வியின் கிளைகளே என்று கூறினும் மிகையாகாது.

ஸ்ட்ராஸ்பேர்க்கில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்தவர் வில்ஹெல்ம் வால்டயர். ஏனைய மாணவர்கள் விதிக்கப்பட்ட பாடத்தைச் செய்துகொண்டிருக்க, ஒரு மாணவனின் மேசை மட்டும் பல நிறப் புள்ளிகளால் நிறைந்திருப்பதை அவர் கண்டார். என்ன செய்கின்றாய் என விசாரித்தபோது, சாயங்களைப் பரீட்சித்துப் பார்ப்பதாகப் பதில் கிடைத்தது. வால்டயர் கண்டிக்கவில்லை; பாடத்திட்டத்துக்குத் திரும்புமாறு பணிக்கவுமில்லை; தொடருமாறு கூறிச் சென்றார். பெரிய மனிதர்களின் இளமைக் கதைகள் காலப்போக்கில் மெருகேறுவது வழக்கம். இக்கதையும் சற்று மெருகேறியிருக்கலாம். ஆனால் அதன் பயன் அச்சில் இருக்கின்றது. 1877 இல், பட்டம் பெறுமுன்னரே, சாயங்கள் பற்றிய அவரது முதற் கட்டுரை வெளிவந்தது. 1878 இல் லைப்சிக்கில் சமர்ப்பித்த ஆய்வேட்டில், இன்று ஒவ்வாமை நோய்களில் முக்கியத்துவம் பெறும் மாஸ்ற் கலங்களை அவர் விபரித்தார். நன்கு ஊட்டம் பெற்ற கலங்கள் என்று கருதி அவர் இட்ட பெயர் அது. கருத்துத் தவறாயிற்று, பெயர் நிலைத்துவிட்டது.

பரீட்சைகளில் ஏர்லிக் பிரகாசித்தவர் அல்லர். சாயமிடுவதில் வல்லவனாயினும் பரீட்சையில் தேறமாட்டான் என்று அவரைச் சுட்டிக்காட்டி றொபேர்ட் கொக்கிடம் கூறப்பட்டதாக ஒரு கதை உண்டு. கோடைகால ஆய்வு இடங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களைப் புள்ளிகளைக் கொண்டே தெரிவு செய்யின், ஏர்லிக்குக்கு இடம் கிடைத்திருக்குமா என்ற ஐயம் எமக்கு எழுகின்றது. புள்ளியே யாவற்றையும் தீர்மானிக்கும் எமது நாட்டில் இந்த ஐயம் இன்னும் வலுவாக எழ வேண்டும்.

பட்டம் பெற்றதும் பேர்லினின் சரிற்றே வைத்தியசாலையில் தியோடர் பிரெரிக்ஸின் கீழ் சேர்ந்தார். பிரெரிக்ஸும் அவரை அவர் போக்கில் விட்டார். ஒரு துளி குருதியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாகப் பரப்பி, உலர்த்தி, சூடேற்றிப் பதப்படுத்தி, பின்னர் சாயமேற்றும் முறையை ஏர்லிக் வகுத்தார். அதுவரை வெண்குருதிக் கலங்கள் நிறமற்ற உருண்டைகளாகவே பெரும்பாலும் தோன்றின. இப்போதோ அவற்றின் உள்ளிருந்த மணிகள் வெவ்வேறு நிறங்கொண்டன. இயோசின் என்னும் அமிலச் சாயத்தை ஏற்றவை இயோசினோபில். மூலச் சாயங்களை ஏற்றவை பேசோபில். இரண்டும் கலந்த நடுநிலைச் சாயத்தை ஏற்றவை நியூட்ரோபில். 1879, 1880 ஆம் ஆண்டுகளில் இவை வெளிவந்தபோது அவருக்கு வயது 26 ஐத் தாண்டவில்லை.

குருதிப் புற்றுநோய்க்கு இதனால் நேர்ந்தது என்ன? 1845 இல் ருடோல்ப் விர்ச்சோ, வெண்மையாகிப்போன குருதியைக் கொண்ட நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். 1847 இல் அந்நோய்க்கு லியூகேமியா எனப் பெயரிட்டார். மண்ணீரல் வீங்கியதா, நிணநீர்க் கணுக்கள் வீங்கினவா என்பதைக் கொண்டே அதன் வகை பிரிக்கப்பட்டது. ஏர்லிக்கின் சாயங்கள் வந்தபின், பெருகியிருப்பது எந்தக் கலம் என்று பார்த்து, நிணநீர்க் கல வகை, என்பு மச்சை வகை எனப் பிரிக்க முடிந்தது. எந்த வகை என்பதைப் பொறுத்தே இன்றும் சிகிச்சை அமைகின்றது. பல ஆண்டுகளாகப் பெயர் மட்டும் இருந்த நோய்க்கு அன்றுதான் முகம் கிடைத்தது எனலாம்.

1885 இல் பிரெரிக்ஸ் காலமானார். அவருக்குப் பின் வந்த கெர்ஹார்ட், ஏர்லிக்கை நோயாளர் விடுதிப் பணிகளில் கூடுதலாக ஈடுபடுத்தினார். அது நியாயமான எதிர்பார்ப்பே. வைத்தியசாலை நோயாளருக்காகவே இருக்கின்றது. ஆயினும் ஆய்வுக்கான நேரம் பறிபோன ஏர்லிக் மனமுடைந்தார். 1888 இல், தாமே திருத்தியமைத்த சாயமுறையைக் கொண்டு தமது சளியிலேயே காசநோய்க் கிருமியைக் கண்டு, எகிப்துக்குச் சென்று ஓய்வெடுத்தார். திரும்பியபின் தமக்கென அமைத்த சிறு ஆய்வுகூடமொன்றில் பணியைத் தொடர்ந்தார். 1891 இல் கொக் தமது நிறுவனத்தில் இடமளித்தார்.

பிந்திய புகழை விரிக்க வேண்டியதில்லை. தொண்டைக்கரப்பான் எதிர்ச்சீரத்தை அளவிடும் முறை, பிராங்பேர்ட் நிறுவனம், 606 ஆம் இலக்கச் சேர்வை, 1910 இல் விற்பனைக்கு வந்த சல்வார்சன் என்பன யாவரும் அறிந்தவை. இரசாயனப் பொருளால் நோயைத் தாக்கும் முறைக்கு இன்று நாம் வழங்கும் கீமோதெரபி என்ற சொல்லும் அவருடையதே. 1915 ஓகஸ்ட் 20 ஆம் திகதி அவர் காலமானார். நாஜிகளின் காலத்தில், யூதர் என்பதற்காக அவர் பெயர் தாங்கிய வீதியின் பெயரும் மாற்றப்பட்டது. மனைவி ஹெட்விக் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அதே ஜேர்மனி பின்னர் தனது 200 மார்க் நாணயத்தாளில் அவர் உருவத்தைப் பொறித்தது.

மாணவனைத் தடுக்காத வால்டயர், அம்மாணவனுக்குப் பின்னும் வாழ்ந்து 1921 இல் மறைந்தார். கலத்தின் கருவினுள் சாயமேற்கும் இழைகளுக்கு 1888 இல் குரோமோசோம் எனப் பெயரிட்டவரும் அவரே. 1960 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், என்பு மச்சை வகை நாட்பட்ட குருதிப் புற்றுநோயாளரின் கலங்களில் வழமைக்கு மாறாகக் குறுகிய ஒரு குரோமோசோம் காணப்பட்டது. ஒரு புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்பட்ட முதலாவது குரோமோசோம் மாற்றம் அதுவே. அதன் வழி சென்ற ஆய்வுகளின் பயனாகவே 2001 இல் இமாற்றினிப் மாத்திரை பாவனைக்கு வந்தது. அக்குரோமோசோமைக் கண்ட இருவருள் ஒருவரான டேவிட் ஹங்கர்போர்ட் அப்போது பட்டப்பின்படிப்பு மாணவர்.