பறவையைத் தேடிப் பயணம் செய்தவர்



மலைக்காட்டில் ஒரு பறவை கூவுகின்றது. குரல் கேட்கின்றது, உருவம் தெரியவில்லை. அதைக் கண்டே தீர வேண்டும் என்னும் ஆவல் ஒருவரைக் கடல்கடந்து அழைத்துச் சென்றது. அவர்தாம் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ்.

1823ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் பிறந்த வாலஸ், வறுமையால் 14 வயதிலேயே பள்ளியை விட்டார். நிலம் அளக்கும் தொழில் செய்துகொண்டே இயற்கையைக் கற்றார். 1848இல் நண்பர் பேட்ஸுடன் அமேசான் காடுகளுக்குச் சென்றார். நான்காண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்புகையில் நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. உடன் கொண்டுவந்த அரிய சேகரிப்புகள் சாம்பலாயின. பத்து நாட்கள் படகில் தவித்து உயிர் பிழைத்தார்.

வேறொருவராயின் மனம் உடைந்திருப்பார். வாலஸோ 1854இல் மீண்டும் புறப்பட்டுச் சிங்கப்பூர் வந்திறங்கினார். அவ்வாண்டே மலாக்காவை அடுத்த லேடாங் மலையில் ஏறினார். இறகெங்கும் கண்போன்ற புள்ளிகள் கொண்ட ஆர்கஸ் என்னும் பறவையின் குரல் அங்கே ஓயாது ஒலித்தது. ஆனால் உடன் சென்ற மலாய் வேடரோ, இருபதாண்டுகளாக அக்காடுகளில் வேட்டையாடியும் பிடிபட்ட பறவையையன்றிக் காட்டில் ஒன்றையும் கண்டதில்லை. வாலஸும் காணாமலே திரும்பினார். எனினும் ஓர் உண்மை புலப்பட்டது. கண்காட்சியில் அழகாகத் தோன்றும் அப்புள்ளிகள், காட்டுச் சருகுகளிடையே பறவையை மறைத்துக் காக்கும் போர்வையாகின்றன!

1857இல் ஆரு தீவுகளில் செந்நிறச் சொர்க்கப் பறவையைக் கையில் ஏந்தினார். அக்காலத்தில் பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்வதே ஆய்வாளர் வழக்கம். மகிழ்ச்சியின் நடுவே அவர் உள்ளத்தில் கவலை எழுந்தது. நாகரிக மனிதன் இக்காடுகளுக்குள் நுழைந்தால் இவ்வழகு அழிந்துவிடும்; உயிரினங்கள் யாவும் மனிதனுக்காகவே படைக்கப்பட்டவை அல்ல என்று எண்ணினார்.

மறு ஆண்டு பச்சான் தீவில், மார்பில் பசுமை ஒளிரத் தோள்களில் நான்கு நீண்ட வெண்ணிறகுகள் கொண்ட புதிய சொர்க்கப் பறவை கிடைத்தது. அறிவியல் உலகம் அதற்கு வாலஸின் பெயரைச் சூட்டியது. ஆயின் அதைக் கொண்டுவந்தவர் சரவாக்கைச் சேர்ந்த இளம் உதவியாளர் அலி. சமையல் வேலைக்கு வந்து, பறவைகளைத் தேடிப் பிடிப்பதில் தேர்ந்தவர். அவ்வுண்மையை வாலஸ் மறைக்கவில்லை. 1869இல் வெளியிட்ட நூலில் அலியின் பெயரோடே எழுதிவைத்தார்.

இயற்கைத் தேர்வு என்னும் கருத்தை டார்வினும் வாலஸும் தனித்தனியே கண்டறிந்தனர். இருவர் கட்டுரைகளும் 1858இல் லண்டனில் ஒன்றாகவே படிக்கப்பட்டன. 1862இல் 1,25,660 சேகரிப்புகளோடு எட்டாண்டுப் பயணத்தை முடித்த வாலஸ், 1913இல் தம் 90ஆம் வயதில் மறைந்தார்.

இழந்தபின் மீண்டும் எழுந்த உறுதியும், பிறர் உழைப்பை மறைக்காத நேர்மையும் அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வங்கள். செல்வங்களே, அடுத்தமுறை ஒரு பறவையின் குரல் கேட்டால் சற்றே நின்று தேடிப் பாருங்கள்!