பழைய மிரர் லென்ஸும் இப்னுல் ஹைதமும்

கற்பிட்டிக் கரையோரத்தில் ஆலாக்களையும் கொக்குகளையும் படம் பிடிக்க வேண்டும் என்ற ஆசையில், அண்மையில் பாவித்த மிரர் லென்ஸ் ஒன்றை வாங்கினேன். 500 மி.மீ. லென்ஸ் என்றால் சாதாரணமாக நீளமும் பாரமும் அதிகம். விலையும் எமக்கு எட்டாது. இதுவோ ஒரு கையால் தூக்கக்கூடியது. உள்ளே வரும் ஒளி பின்புறக் குழிவாடியில் தெறித்து, முன்னாலுள்ள சிறிய ஆடிக்குச் சென்று, மீண்டும் பெரிய ஆடியின் நடுத்துளை வழியாகக் கமராவை அடைகிறது. ஒளியின் பாதை மடிக்கப்படுவதால் குழாய் குட்டையாகிறது.

விற்றவர் ஒரு குறையும் இல்லை என்றார். நம்பிவிட்டேன். வீட்டில் டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை போல பங்கசு. சொன்னதை நம்பி, சோதிக்காமல் விட்டது என் பிழை. அப்போதுதான் இப்னுல் ஹைதம் நினைவுக்கு வந்தார்.

ஹிஜ்ரி 354 அளவில், அதாவது கி.பி. 965 இல், ஈராக்கின் பஸ்ராவில் பிறந்தவர் அவர். நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்று அவர் கூறியதைக் கேள்விப்பட்ட பாத்திமிய ஆட்சியாளர் அல்-ஹாகிம் அவரை எகிப்துக்கு அழைத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அஸ்வான் பகுதிவரை சென்று பார்த்தார். வழியெங்கும் பண்டைய எகிப்தியரின் பிரமாண்டமான கட்டடங்கள். இவ்வளவு ஆற்றல் படைத்தவர்களே செய்யாத ஒன்றைத் தன்னால் செய்ய முடியாது என்று உணர்ந்தார். திரும்பி வந்து ஆட்சியாளரிடமே தன் தோல்வியை ஒப்புக்கொண்டார். பின்னர் அவருடைய கோபத்துக்கு அஞ்சிப் பைத்தியம் போல நடித்ததாகவும், 1021 இல் அல்-ஹாகிம் மறையும்வரை வீட்டுக்குள் அடைபட்டிருந்ததாகவும் சொல்லப்படுகிறது.

ஏழு பாகங்கள் கொண்ட கிதாபுல் மனாழிர் என்ற நூல் அந்தக் காலத்தை ஒட்டியே எழுதப்பட்டது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று யூக்ளிட்டும் தொலமியும் கருதியிருந்தனர். அவர்கள் பெரியவர்கள் என்பதற்காக அவர் தலையாட்டவில்லை. இருட்டறையில் துளையிட்டு, வெளியே விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்தார். ஒளி பொருளிலிருந்தே கண்ணுக்கு வருகிறது என்று நிறுவினார். நூலின் 4 முதல் 6 வரையான பாகங்கள் ஆடித் தெறிப்பையும், 7 ஆம் பாகம் ஒளிமுறிவையும் பேசுகின்றன. என் லென்ஸுக்குள் இருப்பவையும் இவ்விரண்டும்தான்.

பிற்காலத்தில் அல்-அஸ்ஹருக்கு அருகில் தங்கி, நூல்களைப் பிரதி எழுதிக் கொடுத்து வாழ்க்கையை ஓட்டினார். சுமார் 1040 இல் கெய்ரோவில் மறைந்தார். அவருடைய நூல் இலத்தீனுக்குச் சென்று, 1572 இல் பாசலில் அச்சேறியது. ரொஜர் பேக்கனும் கெப்லரும் அவரிடமிருந்து கற்றார்கள்.

நாமோ, அவர் கமராவைக் கண்டுபிடித்தார், கமரா என்ற சொல்லே அரபிலிருந்து வந்தது என்று வட்ஸ்அப்பில் பெருமையோடு பகிர்கிறோம். அவர் கமராவைச் செய்யவில்லை. அந்தச் சொல் அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல். மிரர் லென்ஸும் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு பலருடைய உழைப்பால் வந்தது. அவர் செய்ததே போதுமான அளவு பெரியது. பொய்யை அதன் மேல் ஏற்றத் தேவையில்லை. முன்னோர் எழுதியதை வாசிப்பவன் அதைச் சந்தேகித்துச் சோதிக்க வேண்டும், தன் சொந்தத் தீர்ப்பையும் சந்தேகிக்க வேண்டும் என்று போதித்தவரின் பெயராலேயே சோதிக்காத செய்தி பரவுவது எவ்வளவு வேதனை!

வதந்தியால் இந்த நாட்டில் நாம் பட்டது கொஞ்சமல்ல. எம்மைப் பற்றிய பொய்யைக் கண்டிக்கும் நாம், எமக்குப் பிடித்த பொய்யை மட்டும் அனுமதிக்கலாமா? ஒரு செய்தி கிடைத்தால் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு அல்குர்ஆனும் எமக்குக் கட்டளையிடுகிறது.

எமது பாடசாலைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வகுப்பறையை இருட்டாக்கி, ஜன்னலில் சிறு துளையிடுங்கள். வெளியிலுள்ள தென்னை மரங்கள் சுவரில் தலைகீழாகத் தெரியும். செலவு எதுவுமில்லை. இப்னுல் ஹைதமின் பெயரை மனனம் செய்வதைவிட, அவர் பார்த்ததை எமது பிள்ளைகள் தம் கண்ணாலேயே பார்க்கட்டும். இன்ஷா அல்லாஹ், அவருடைய வாரிசுகள் அங்கிருந்து வரலாம்.